அசையாத நான்கு நிமிடம்

முருங்கை மரம் கலங்கியிருந்தது. அது சரிதான். நான்கு நிமிடம் திறந்திருந்த ஷட்டருக்கு முன்னால் கடல்காற்றில் ஆடிக்கொண்டிருந்த மரம் புகையாகத்தான் விழும். கேட்டருகே படுத்திருந்த நாய் நடுவில் எழுந்து போய்விட்டதால், அது இருந்த இடத்தில் சிமெண்டுத் தரைமேல் லேசான அழுக்கு மாதிரி ஒரு நிழல் மட்டும் மிஞ்சியிருந்தது. அதுவும் சரி. கேபிள் ஒயர் இரண்டாகத் தெரிந்தது. சரி. மேலே, இருட்டான ஜன்னலில் நின்றுகொண்டிருந்த ஆள்தான் சரியில்லை.

மேரிசெல்வி படத்தைப் பெரிதாக்கினாள். தலை, தோள், தொங்கும் இரண்டு கைகள். முகம் தெரியவில்லை. ஆனால் ஓரம் பிளேடால் வெட்டியதுபோல் இருந்தது. அப்படி யாராலும் நிற்க முடியாது. மூச்சு விட்டால் தோள் ஏறி இறங்கும், ஓரம் மங்குவதற்கு அதுவே போதும். சுவர், கம்பம், கேஸ் சிலிண்டர் மாதிரி மூச்சு விடாத பொருட்கள்தான் இத்தனை துல்லியமாக விழும்.

சாயங்காலம் ஸ்டூடியோவில் வேறு யாரும் இல்லை. வெளியே மரக்காணம் பஸ் ஸ்டாண்டில் பாண்டிச்சேரி வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. அவள் ஜன்னலை இன்னும் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு சின்னதாக்கினாள். புது வீடுகளில் கண் படாமல் இருக்க வைக்கோல் அடைத்துக் கட்டுகிற திருஷ்டி பொம்மையை யாராவது உள்ளே போட்டு வைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு, கம்ப்யூட்டரை அணைத்தாள்.

அவளுக்கு இருபத்தாறு வயது. பி.எஸ்சி. பிசிக்ஸ் படித்துவிட்டு, பகலில் பாஸ்போர்ட் போட்டோவும் காதுகுத்து ஆல்பமும் செய்தாள். ராத்திரியில் தனக்காக எடுத்தது வீடுகளை. உப்பளத்தை ஒட்டி மண்ணடித்து மேடாக்கிய சமுத்திரா நகரில் முப்பது வீடுகள் இருந்தன. அதில் பாதிக்குமேல் பூட்டியவை. சென்னையிலும் குவைத்திலும் இருக்கிறவர்கள் கட்டிப்போட்டவை. பூட்டிவிட்டுப் போகிறவர்கள் உள்ளே ஆள் இருப்பதுபோல் காட்ட ஒரே ஒரு பல்பை எரியவிட்டுப் போவார்கள். யாருக்காகவும் இல்லாமல் விடியும்வரை எரிகிற அந்தப் பல்பைத்தான் அவள் எடுத்தாள். வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் உப்பள வரப்பில் கேமரா ஸ்டாண்டை நிறுத்தி, பக்கத்தில் ஒரு பக்கெட்டைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துகொள்வாள். யாரிடமும் பேச வேண்டியதில்லை என்பது அந்த வேலையில் அவளுக்குப் பிடித்த விஷயம்.

பாண்டிச்சேரியில் ஆர்ட் கேலரி நடத்தும் வைஜெயந்தி மேடம் அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு, பன்னிரண்டு கொடு, பெரிய பிரிண்டாகச் சுவரில் மாட்டுகிறேன் என்று சொல்லியிருந்தார். பதினோராவதுதான் இது. சிவப்பிரகாசம் என்கிற சென்னைக்காரருடைய வீடு.

மறுநாள் காலையில் நகர் வாச்மேன் இருசப்பன் சாவிக்கொத்தோடு வந்து அந்த வீட்டைத் திறந்துவிட்டார். பூட்டிக் கிடந்த வீட்டின் ஈரச் சுண்ணாம்பு வாசனையும் செத்த கரப்பான்களின் வாசனையும் முகத்தில் அடித்தன.

"சார் வந்து ஆறு மாசம் ஆவுதும்மா. பல்பு ஃபியூஸ் போனா மாத்தறதுக்குத்தான் நானே உள்ள வர்றேன்."

"மாடில பொம்மை எதாவது வச்சிருக்காங்களாண்ணே?"

"மாடியே கெடையாதே. மொட்டமாடிதான்."

"அப்ப அந்த ஜன்னல்?"

அவர் சிரித்துக்கொண்டே மேலே கை காட்டினார். அது படிக்கட்டுக்கு வெளிச்சம் வருவதற்காக வைத்த ஜன்னல். படிகள் அதற்குக் கீழே திரும்பிவிடுகின்றன. படியிலிருந்து ஜன்னலுக்கு இரண்டு ஆள் உயரம் இருந்தது. வெறும் சுவர். ஒரு ஆணிகூட இல்லை.

"அங்க நிக்கணும்னா பல்லி மாதிரி ஒட்டிக்கினுதான் நிக்கணும்" என்றார் இருசப்பன். அவளும் சிரித்தாள். சிரிப்பு மேலே போய் மோதித் திரும்பி வந்தது. இரண்டு பேரும் கொஞ்சம் சீக்கிரமாகவே வெளியே வந்துவிட்டார்கள்.

மத்தியானம் வைஜெயந்தி மேடத்தின் வாய்ஸ் மெசேஜ் வந்தது. "மேரி, அந்த லெவன்த் போட்டோ! ஐயோ, எனக்கு கையெல்லாம் புல்லரிச்சிடுச்சு. ஜன்னல்ல யாரு அது? சூப்பர் ஐடியாம்மா. லாஸ்ட் படத்துலயும் அதே மாதிரி ஒரு ஆள் வேணும், அசையாம. அப்பதான் சீரீஸ் முடிஞ்ச மாதிரி இருக்கும். வெள்ளிக்கிழமை பிரிண்டுக்குப் போகணும், ஓகேவா?"

நான் யாரையும் நிறுத்தவில்லை மேடம் என்று டைப் செய்தாள். அப்புறம் என்னென்ன கேள்விகள் வரும், எப்படியெல்லாம் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று யோசித்தாள். அதை அழித்துவிட்டு, சரிங்க மேடம் என்று அனுப்பினாள்.

அவள் ராத்திரியில் தங்கியிருந்ததே சமுத்திரா நகரில்தான், அக்கா வீட்டில். அக்கா ஆரோக்கியசெல்விக்கு ஏழாம் மாதம். பிரபு மாமா குவைத்தில் இருந்தார். முதல் இரண்டு கர்ப்பமும் நான்காம் மாதத்தைத் தாண்டவில்லை. அதனால் அம்மா ஞாயிற்றுக்கிழமை கிளியனூரிலிருந்து வந்து கூட்டிப்போகிற வரைக்கும், "ராத்திரில அவள விட்டு நகராத. புள்ள இந்தவாட்டி நம்ம கைக்கு வந்து சேரணும்" என்று மேரியிடம் கையடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். அக்கா மூன்று மணிக்குமேல் எப்படியும் தூங்குவதில்லை, நெஞ்செரிச்சல். அந்த நேரத்தில்தான் மேரி கேமராவை எடுத்துக்கொண்டு வரப்புக்குப் போவாள். அது அம்மாவுக்குத் தெரியாது.

"நிக்கணுமா? நானா? உங்க மேடத்துக்கு வேற புள்ளத்தாச்சியே கெடைக்கலியா?" அக்கா வீங்கிய பாதங்களைச் சுடுதண்ணீர் டப்பில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"புள்ளத்தாச்சி கேக்கலக்கா. ஒரு ஆள் வேணும்னாங்க."

"ஒண்ணு கேட்டா ஒண்ணு ஃப்ரீயா வரும்னு சொல்லு."

"நாலே நிமிஷம்தான். முடியலன்னா வாணாம். அம்மாவுக்குத் தெரிஞ்சா என்னைக் கொன்னுடும்."

"சொன்னாத்தான தெரியும்." அக்கா வயிற்றைத் தடவிக்கொண்டாள். "எடுடி. முதல் ரெண்டு வாட்டியும் ஒரு போட்டோகூட எடுத்துக்கல. இருந்துதுங்கன்றதுக்கு ஒண்ணுமே இல்ல. இது ஒண்ணாவது சுவத்துல மாட்டட்டும்."

மேரி அவளுக்குச் சொல்லிக்கொடுத்தாள். கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள். முட்டியை இறுக்காதே. ஒரு புள்ளியைப் பார். மூச்சை மேலாக, சின்னதாக விடு.

"எனக்கே கிளாஸ் எடுக்கறியா? நம்ம கோயில் கிறிஸ்மஸ் குடில்ல ஆறு வருசம் நான்தான்டி மாதா. நட்டநடு ராத்திரி பூசை முடியற வரைக்கும் கண்ணு இமைக்காம நிப்பேன். ஃபாதரே தொட்டுப் பார்த்தாரு, உசுரு இருக்குதான்னு." வயிற்றைப் பார்த்துச் சொன்னாள்: "இதுங்கிட்ட வேணா சொல்லிக்குடு. ராத்திரியானா ஃபுட்பால் ஆடுது."

"அது ஆடினா பரவால்ல. தூரத்துல தெரியாது" என்றாள் மேரி.

வியாழக்கிழமை விடிவதற்கு முன், மணி மூன்று இருபதுக்கு, அக்கா படுக்கையறையில் சிவப்பு ஜீரோ வாட் பல்பைப் போட்டாள். அக்கா மாடிப்படி இறங்கி வந்து கதவைச் சாத்த வேண்டாம் என்று மேரி முன்கதவை வெளியே பூட்டிச் சாவியை ஜீன்ஸ் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு நடந்தாள். அக்கா வீட்டுக்கும் உப்பளத்துக்கும் நடுவில் கழிவெளி ஏரியிலிருந்து தண்ணீர் வரும் வாய்க்கால் ஓடியது. ஆள் ஆழம் இருக்கும், அடியில் இடுப்பளவு சேறு. தள்ளியிருந்த மதகின்மேல் ஏறிக் கடந்து, வரப்பு வழியாகத் திரும்பி வந்தால் அக்காவின் ஜன்னல் நேரெதிரே தெரியும். கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். ஆனால் நடந்து போக பத்து நிமிடம்.

நிலா இறங்கிவிட்டது. பாத்திகளில் தேங்கிய உப்புநீர் கறுப்பாக, காற்றே படாததுபோல் கிடந்தது. ஆனால் காற்று இருந்தது, முழங்காலைத் தொட்டுத் தொட்டு ஈரமாகப் போனது, அதில் சேறும் அழுகிய பாசியும் எங்கோ காயும் கருவாடும் கலந்த வாசனை வந்தது. கிழக்கே ஈசிஆரில் ஒரு லாரி கியர் மாற்றி ஓய்ந்தது. அதற்குப் பின்னால் கடல் சத்தம் மட்டும், யாரோ தொலைவில் கோணியை இழுத்துப் போவதுபோல், விட்டு விட்டு. பனியில் கேமராவின் உலோகம் கைக்கு ஜில்லென்றிருந்தது. மேரி ஸ்டாண்டின் மூன்று காலையும் மண்ணில் அழுத்தி நிறுத்தினாள். பக்கெட்டைக் கவிழ்த்தாள். டார்ச்சை ஒரு தடவை அடித்தாள். ஆரம்பிக்கலாம் என்று அர்த்தம்.

ஜன்னலில் அக்கா வந்து நின்றாள். மங்கிய சிவப்பு வெளிச்சத்தில் அவளுடைய வயிற்றின் வளைவு அழகாகத் தெரிந்தது. கைகள் கம்பியைப் பிடித்தன. மேரி பட்டனை அழுத்தினாள். ஷட்டர் திறந்தது.

ஒரு நிமிடம் போயிருக்கும். வரப்பில் காலடிச் சத்தம் கேட்டது. வெயிலுக்கு முன்னால் உப்பு வார வருகிற பெண்கள், ஏழெட்டுப் பேர், நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு, தோளில் பலகையோடு, வரிசையாக. லென்ஸில் வெளிச்சம் படாமல் டார்ச்சை அணைத்துக்கொண்டு பின்னாலேயே போவார்கள், பழக்கம்தான். கடைசியாக வருவது சாலம்மாள்.

"இன்னா போட்டோக்காரம்மா, இன்னிக்கும் தூக்கம் இல்லியா?"

"இதான்க்கா கடைசி."

"எங்களையும் ஒண்ணு எடுக்கறதுதானே."

"நீங்க நடந்துகினே இருந்தா படத்துல விழ மாட்டீங்க. நின்னாத்தான் விழுவீங்க."

"அதுக்குத்தானே நடக்கறோம்" என்றாள் சாலம்மாள். முன்னால் போனவர்களில் யாரோ சிரித்தார்கள்.

சாலம்மாள் பேசினாளே தவிர நிற்கவில்லை. மேரியையும் பக்கெட்டையும் சுற்றி ஒரு வட்டம் நடந்தாள், பிறகு இன்னொரு வட்டம். இந்தப் பெண்கள் இருட்டில் வரப்பில் நிற்கமாட்டார்கள் என்பதை மேரி சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறாள். ஒருத்தியின் செருப்பு அறுந்தால் எல்லாரும் சட்டென்று குந்திவிடுவார்கள். எழுந்தால் நடப்பார்கள். அது ஏன் என்று யாரும் கேட்டதில்லை. வேலைக்குப் போகிறவர்களுக்கு நிற்க நேரமில்லை என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

மூன்றாவது வட்டத்தில் சாலம்மாள் வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் பார்த்தாள்.

"அது யாரு, ஜன்னல்ல?"

"எங்கக்கா. போட்டோவுக்காக நிக்கச் சொன்னேன்."

"எவ்ளோ நேரமா?"

"ரெண்டு நிமிஷம் ஆச்சு. இன்னும் ரெண்டு இருக்கு."

சாலம்மாளின் நடை வேகமானது. வட்டம் சிறியதானது. "ஒக்கார சொல்லு."

"படம் போயிடும்க்கா."

"ஒக்கார சொல்லுடி. நின்னா தெரிஞ்சிடும்."

"யாருக்கு?"

சாலம்மாள் வீட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பாமல், ஓட்டமும் நடையுமாக வரிசையைப் பிடிக்கப் போய்விட்டாள். கொஞ்ச தூரம் போனபின் எல்லா டார்ச்சும் ஒன்றாக எரிந்தன. அவை நிற்காமல் போய்க்கொண்டே இருந்தன.

மேரி மொபைலில் ஓடிய டைமரைப் பார்த்தாள். ஒரு நிமிடம் நாற்பது வினாடி மிச்சம். நிறுத்தியிருக்கலாம். அவள் நிறுத்தவில்லை.

ஷட்டர் மூடியது. டார்ச்சை இரண்டு தடவை அடித்தாள். முடிந்தது, போய் உட்கார் என்று அர்த்தம்.

அக்கா அசையவில்லை.

மறுபடி அடித்தாள். விளையாடுகிறாள் என்று நினைத்தாள். மாதா வேஷம். கேமராவின் திரை இருட்டாகவே இருந்தது. ஓரத்தில் சின்னச் சிவப்பு விளக்கு. நீண்ட நேரம் திறந்து எடுத்த படத்தில் தானாகவே தோன்றும் புள்ளிகளை நீக்க, கேமரா மூடிய கண்ணோடு இன்னொரு நான்கு நிமிடம் இருட்டையே படம் எடுத்து, முதல் படத்திலிருந்து கழிக்கும். அதுவரை எதுவும் காட்டாது.

போன் போட்டாள். வாய்க்காலுக்கு அந்தப்பக்கம், அந்த அறைக்குள், அக்காவின் போன் அடிப்பது காதில் விழுந்தது. தண்ணீர்மேல் சத்தம் தெளிவாக வரும். அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டாள். அடித்தது. ஜன்னலில் தலைகூடத் திரும்பவில்லை.

"அக்கா!"

அவளுடைய குரல் பாத்திகள்மேல் போய்க் கரைந்தது. நாய்கூடக் குரைக்கவில்லை.

இருசப்பனுக்குப் போட்டாள். எடுக்கவில்லை.

நின்னா தெரிஞ்சிடும். அவளுடைய கட்டைவிரல் தானாகவே மொபைலில் பழைய படங்களைத் திறந்தது. வைஜெயந்திக்கு அனுப்பிய பதினொன்று. தை மாதத்தில் எடுத்த முதல் வீடு. வீட்டை விட்டுவிட்டு, முதல்முறையாக, வீட்டைச் சுற்றியிருந்த இருட்டைப் பெரிதாக்கினாள். தூரத்தில், பாத்திகளுக்கு நடுவில், மெல்லிய நெட்டுக்குத்தான கோடு. அளவைக் கல் என்று நினைத்திருந்தாள்.

மூன்றாவதில் அந்தக் கோடு வரப்பு முனையில் இருந்தது. அதற்குத் தோள் இருந்தது.

ஐந்தாவதில் வாய்க்காலுக்கு அந்தப்பக்கம். எட்டாவதில் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி. பத்தாவதில் வாசற்படியில். எல்லாவற்றிலும் முதுகுதான் தெரிந்தது. ஒவ்வொரு வீடாக, எரிகிற பல்பைப் பார்த்து நின்றிருந்தது. பதினொன்றில் உள்ளே போய், வெளியே பார்க்கத் திரும்பி நின்றிருந்தது.

அந்த ராத்திரிகளில் எல்லாம் அவள் அங்கேயேதான் இருந்தாள். ஒன்றையும் பார்த்ததில்லை. கண் வெளிச்சத்தைச் சேர்த்து வைக்காது. வந்ததை வந்தவுடனே விட்டுவிடும். கேமரா சேர்க்கும். நான்கு நிமிடம் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, நின்றதை மட்டும் வைத்துக்கொண்டு, நகர்ந்ததை எல்லாம் அழித்துவிடும்.

படங்களில் நிற்கிற அதுவும் அப்படித்தான் பார்க்கிறது.

அந்த எண்ணம் வந்தபோது அவளுக்குப் பயம்கூட உடனே வரவில்லை. ஒரு கணக்கு விடை வந்ததுபோல் இருந்தது. நடக்கிறவர்களை அது பார்க்காது. மரத்தை, நாயை, உப்பு வாருகிறவர்களை, பக்கெட்டில் உட்கார்ந்து கொசு அடிக்கிற அவளைப் பார்க்காது. இரவெல்லாம் அசையாமல் நின்றது வரப்பில் ஒன்றே ஒன்றுதான். மூன்று காலில், அவள் ஊன்றி வைத்தது. கேமரா முகம் காட்டிய வீடுகளுக்குத்தான் அந்த உருவம் ஒவ்வொன்றாகப் போயிருக்கிறது. உள்ளே யாரும் நிற்கவில்லை.

இன்றைக்கு அக்கா நின்றிருக்கிறாள்.

திரை எரிந்தது. படம் வந்தது.

வரப்பில் யாரும் இல்லை. சுவரோரம் இல்லை. வாசலில் இல்லை. ஜன்னலில் அக்கா. ஒவ்வொரு விரலும் தெளிவாக. கன்னத்தில் விழுந்த முடி ஒன்று, அதுகூடத் தெளிவாக. தோளின் ஓரம் பிளேடால் வெட்டியதுபோல். மூச்சு விடுகிற யாருக்கும் அப்படி விழாது. வயிறு மட்டும் லேசாகக் கலங்கியிருந்தது. கைக்குட்டை அளவுக்கு.

உள்ளே அது ஆடிக்கொண்டிருந்திருக்கிறது.

மேரி ஓடினாள்.

வரப்பு வழுக்கியது. ஒரு கால் பாத்தியில் இறங்கியது, உப்பின் முனை பாதத்தைக் கீறியது. செருப்பு சேற்றோடு போனது. நிற்கவில்லை. செருப்பை எடுக்கக் குனியவில்லை. நிற்கக் கூடாது. இடது பக்கம், வாய்க்காலுக்கு அந்தப்பக்கம், ஜன்னல் அவளோடு கூடவே வந்தது. சிவப்பாக. அதில் அக்கா. அசையாமல். மேரி ஓடுகிற ஒவ்வொரு அடியும் முதலில் வீட்டை விட்டு விலகித்தான் போனது. மதகு அந்தத் திசையில்தான் இருந்தது. கூப்பிட்டுக்கொண்டே ஓடினாள். பிறகு கூப்பிட மூச்சு இல்லை.

மதகு. ரோடு. அக்கா வீடு. கேட்.

பாக்கெட்டில் சாவி சிக்கியது. பூட்டுத் துளையைத் தேடி நின்றபோது, நிற்கிறோம் என்று உறைத்து, கால்களை மாற்றி மாற்றி வைத்தாள். குழந்தைக்கு மூத்திரம் வந்ததுபோல். அழுதுகொண்டே. பூட்டு திறந்தது. அக்காவை உள்ளே வைத்துப் பூட்டியது அவளேதான்.

படி. படி. படி.

அறையில் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. கட்டிலில் போன் கிடந்தது. அதன் திரையில் மேரியின் பெயர், இரண்டு மிஸ்டு கால். ஜன்னலில் அக்கா.

"அக்கா. போதும். உக்காருக்கா."

தோளைத் தொட்டாள். சூடு இருந்தது. இழுத்தாள். சுவரை இழுப்பதுபோல் இருந்தது. கம்பியிலிருந்து ஒரு விரலைக்கூடப் பிரிக்க முடியவில்லை. முன்னால் தலையை நுழைத்து முகத்தைப் பார்த்தாள். கண் திறந்திருந்தது. வரப்பைப் பார்த்து, ஒரே புள்ளியைப் பார்த்து, மேரி சொல்லிக்கொடுத்தபடியே. இமை முடிகள் வெள்ளையாக இருந்தன. உதட்டு ஓரம் வெள்ளையாக இருந்தது. மேரி துடைத்தாள். விரலில் உப்பு பொடியாக ஒட்டியது. அவள் துடைத்த இடத்தில் மறுபடியும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மெல்லப் பூத்தது.

மூக்குக்குக் கீழே விரலை வைத்தாள். வெகுநேரம் வைத்திருந்தாள்.

ஆம்புலன்ஸுக்குப் போட்டாள். முகவரி சொன்னாள். திரும்பச் சொன்னாள். "பக்கத்து வண்டி வேற கேஸ்ல இருக்கும்மா. அரை மணி நேரத்துல வந்துடும். பேஷண்ட படுக்க வைங்க" என்றது குரல்.

"படுக்க வைக்க முடியலீங்க."

"ஏம்மா?"

மேரி போனைக் கட்டிலில் போட்டாள்.

தரையில் மண்டியிட்டாள். வயிற்றில் கை வைத்தாள். நைட்டிக்கு அடியில் வயிறு கல்லாக இருக்கும் என்று பயந்தாள். இல்லை. உள்ளங்கையில் டொக்கென்று ஒரு உதை விழுந்தது. பிறகு ஒரு புரளல். ஒரு முட்டியோ முழங்கையோ இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு வழுக்கிப் போனது.

"இருக்கியா? இருக்கியா கண்ணு?" வாயை வயிற்றில் வைத்துச் சொன்னாள். "ஆடு. ஆடிக்கினே இரு. நிக்காத. சித்திதான் சொல்றேன். நிக்காத."

ஃபிரிட்ஜுக்கு ஓடி ஐஸ் தண்ணீர் கொண்டுவந்து வயிற்றில் வைத்தாள். உதைத்தது. கை தட்டினாள். உதைத்தது. பக்கவாட்டில் லேசாகத் தட்டினாள். கொஞ்சம் பொறுத்து உதைத்தது. வெளியே இன்னும் இருட்டாகவே இருந்தது. அரை மணி நேரத்தில் ஆறு நிமிடம் போயிருந்தது. அடுத்த உதை வரத் தாமதமானது. அதற்கடுத்தது உதையாகக்கூட இல்லை. தூக்கத்தில் புரள்கிற மாதிரி ஒரு சின்ன அசைவு.

வயிற்றுக்குள் குழந்தைகள் தூங்கும் என்று அவளுக்குத் தெரியும். இருபது நிமிடம், சில சமயம் நாற்பது.

"தூங்காதடா. ஐயோ தூங்காத. ஏசுவே, தூங்க விடாத."

அப்போதுதான் பார்த்தாள்.

வயிற்றின் மறுபக்கம், அவளுடைய கை இல்லாத பக்கம், நைட்டித் துணி உள்ளே அமுங்கியிருந்தது. நடுவில் உள்ளங்கை அளவுக்கு அகலமாக. சுற்றிலும் ஐந்து சின்னக் குழி. அங்கே ஒன்றும் இல்லை. துணி மட்டும் அமுங்கியிருந்தது.

உள்ளே குழந்தை மெதுவாகப் புரண்டது. அந்தப் பள்ளம் தடுமாறியது. துணிமேல் மேலும் கீழும் நகர்ந்தது. இடத்தைத் தொலைத்துவிட்டுத் தேடியது. மேரி அந்த இடத்தில் அடித்தாள். காற்றில்தான் பட்டது. கிள்ளினாள், பிறாண்டினாள், துணியை இழுத்தாள். பள்ளம் அவளைக் கண்டுகொள்ளவேயில்லை. அவள் அசைந்துகொண்டிருந்தாள்.

புரளல் ஓய்ந்தது.

அவள் இரண்டு உள்ளங்கையையும் வயிற்றில் அழுத்திக் காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. ஐஸ் தண்ணீர் வைத்தாள். வரவில்லை. கை தட்டினாள். ஃபேன் சுற்றியது. குழந்தை தூங்கிவிட்டது.

பள்ளம் துணிமேல் நிதானமாக நகர்ந்து வந்து, ஒரு இடத்தில் நின்றது. ஐந்து விரலும் மெல்ல, ஒன்றன்பின் ஒன்றாக, அழுந்தின.